நெருப்பு வாங்கப் போன பையன்

(டாக்டர் ஹர் கோவிந்த் குரானா - ஒரு வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கவிதை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. அதனால் அந்த விஷப்பரீட்சையை விட்டுவிட்டு, கொஞ்ச நாளாக என் மனதில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் ஹர் கோவிந்த் குரானா. பெயரைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் சிரிப்புச் சத்தம் வரும் என்று தெரியும். 2020-ல் நம்மை எல்லாம் வீட்டுக்குள் பூட்டி வைத்தது கொரோனா. இவர் குரானா. 1968-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

மெக்கானிக்கல் படிக்கிற உனக்கும் ஜீன் ஆராய்ச்சிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு!

விதைப் பாக்கெட்டும் ப்ராஜெக்ட்டும்

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல்காடு. கம்மாய்ப் பாசனம்கூட இல்லாத மானாவாரி பூமி. புரட்டாசியில் வானத்தைப் பார்த்து விதைப்போம். தாத்தா காலத்தில் கருங்கண்ணிப் பருத்தி. விதையை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்களாம். இப்போது அப்பா கடையில் பாக்கெட் வாங்கி வருகிறார். அதில் பி.டி. என்று போட்டிருக்கும். அப்படி என்றால் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். புழு தின்றால் செத்துப்போகும், அவ்வளவுதான் தெரியும் என்றார். கடைக்காரருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

நூலகத்தில் போய்த் தேடினேன். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, சில வகைப் புழுக்களின் குடலைக் கெடுக்கும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதத்துக்கான ஜீனைச் செடிக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதி, அதன் முன்னால் காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த தொடக்கப் பகுதியைப் பொருத்தி, பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2002-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. பின்னாளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது, அது வேறு கதை. என் மூளையில் தைத்தது ஒன்றுதான். ஜீனை எழுதலாமா? பாகம் பாகமாகப் பொருத்தலாமா? நாம் ஒர்க்‌ஷாப்பில் செய்கிற வேலை மாதிரியே இருக்கிறதே! யார் இதை முதலில் செய்தது என்று தேடியபோதுதான் குரானா வந்தார்.

இரண்டாவது சம்பந்தம், எங்கள் ப்ராஜெக்ட். எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர் சேர்ந்து கடலை உடைக்கிற மிஷின் செய்தோம். கடலை மிட்டாய் ஊர்க்காரர்கள் வேறு என்ன செய்வோம்! டிரம், சல்லடை, ஷாஃப்ட், பேரிங், புல்லி எல்லாம் டிராயிங்கில் உள்ளபடி அச்சாகச் செய்து, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து நிறுத்தினோம். வைவா அன்றைக்கு சுவிட்சைப் போட்டோம். மோட்டார் ஓடியது. கடலை? மாவாக வந்தது! வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அன்று இரவு படித்ததுதான் குரானாவின் 1970-ம் ஆண்டுக் கதை. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

வீட்டில் நெருப்பு இல்லாத ஊர்

இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியில் ராய்ப்பூர் என்று ஒரு குக்கிராமம். மொத்தமே சுமார் நூறு பேர். அங்கே 1922-ல் பிறந்தார் குரானா. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கண்பத் ராய், பட்வாரி. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் கர்ணம், கிராமக் கணக்குப்பிள்ளை மாதிரி. நிலவரிக் கணக்கு எழுதுகிற வேலை. வசதி ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்று இருந்தார். அந்த ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். பள்ளிக்கூடக் கட்டடம் கிடையாது. முதல் நான்கு ஆண்டுப் படிப்பு மரத்தடியில்தான்.

காலையில் எழுந்ததும் எந்த வீட்டுக் கூரையில் புகை வருகிறது என்று பார்த்து, அங்கே போய்த் தணல் வாங்கி வந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அந்தத் தணலைத் தேடிப் போனது சின்னப் பையன் குரானா. இதைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. எங்கள் அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். ஊருக்கெல்லாம் நெருப்பு அனுப்புகிற ஊர் நம்ம ஊர். ஒரு தீக்குச்சிக்கு வழியில்லாத வீட்டிலிருந்து ஒருவர் ஸ்டாக்ஹோம் வரை போயிருக்கிறார் என்றால், நமக்கு என்ன குறை நண்பர்களே?

இன்டர்வியூவுக்குப் போகாத மாணவன்

முல்தான் நகரத்தில் டி.ஏ.வி. உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அங்கே ரத்தன் லால் என்ற ஆசிரியர் அவரைக் கைதூக்கி விட்டார். அடுத்து லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம். ஆங்கில இலக்கியத்துக்கும் விண்ணப்பம், வேதியியலுக்கும் விண்ணப்பம். வேதியியலுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. இவரோ மகா கூச்ச சுபாவம். நேர்முகத் தேர்வுக்கே போகவில்லை! ஆனாலும் அவருடைய மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே மகான் சிங் என்ற பேராசிரியரிடம் சோதனைச் சாலை வேலையைத் துல்லியமாகச் செய்யக் கற்றுக்கொண்டார். 1945-ல் எம்.எஸ்ஸி. முடித்தார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டரில் வெளியூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ வைத்தது. நான் பஸ் ஏறிப் போனேன். கேட் வரைக்கும் போனேன். உள்ளே இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம் என்று முன்னால் நின்றவன் சொன்னான். டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் செலக்ட் ஆகவில்லை என்று சொன்னேன். இன்றைக்கு வரை அப்பாவுக்கு உண்மை தெரியாது. இந்த மலரைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஊருக்குத் திரும்பி, வேலை கிடைக்காமல்...

1945-ல் இந்திய அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1948-ல் டாக்டர் பட்டம். இதற்கிடையில் 1947-ல் நாடு பிரிந்தது. ராய்ப்பூர், முல்தான், லாகூர் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவருடைய குடும்பம் அகதியாக டெல்லி வந்து சேர்ந்தது.

அடுத்து சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் விளாதிமிர் பிரிலாக் என்ற பெரிய வேதியியல் அறிஞரிடம் சேர்ந்தார். சம்பளம் கிடையாது! சுமார் பதினோரு மாதம் கையில் இருந்த சேமிப்பிலேயே ஓட்டினார். அங்கே ஜெர்மன் மொழிப் பழைய ஆராய்ச்சி இதழ்களைப் புரட்டும்போது கார்போடைஇமைடு என்ற வகை ரசாயனத்தைக் கண்டுகொண்டார். அது அன்றைக்குப் பலரும் கவனிக்காமல் கிடந்த சரக்கு. பின்னாளில் அவருக்குப் பெரிய கைக்கருவியானது அதுதான்.

1949-ல் இந்தியா திரும்பினார். வேலை தேடினார். கிடைக்கவில்லை. ஆம் நண்பர்களே! லிவர்பூலில் டாக்டர் பட்டமும் ஜூரிச்சில் அனுபவமும் பெற்ற மனிதருக்கு வேலை இல்லை. டிப்ளமோவை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று நாம் புலம்பும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட் என்ற அறிஞரிடம் 1952 வரை இருந்தார். புரதம், நியூக்ளிக் அமிலம் என்ற இரண்டிலும் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான்.

முனையை மூடு, பிறகு சேர்!

1952-ல் கனடாவின் வான்கூவரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கருவிகள் அதிகம் இல்லை. ஆனால் நினைத்த ஆராய்ச்சியைச் செய்ய முழுச் சுதந்திரம் உண்டு. அது போதும் என்று போய்விட்டார். அதே ஆண்டில் சுவிஸ் நாட்டுப் பெண்மணி எஸ்தரைத் திருமணம் செய்துகொண்டார்.

அவருடைய வேலை என்ன? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்து கொண்ட நீளமான சங்கிலி. அந்த எழுத்துகளை நாம் விரும்பும் வரிசையில், கையாலேயே கோர்ப்பது. சொல்லும்போது சுலபம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒட்டக்கூடிய முனைகள் பல. சும்மா கலக்கினால் எது எதோடோ ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒட்டக்கூடாத முனைகளை முதலில் வேறொரு ரசாயனத்தால் மூட வேண்டும்; பெயின்ட் அடிக்கும்முன் டேப் ஒட்டி மறைக்கிறோமே, அந்த மாதிரி. பிறகு கார்போடைஇமைடு போன்ற பொருளால் இரண்டு எழுத்தைச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, மூடியை அவிழ்த்து, அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் இதே பாடு!

1959-ல், நம் உடம்பில் பல வேலைகளைச் செய்கிற கோ-என்சைம் ஏ என்ற சிக்கலான பொருளைச் செய்து காட்டினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1960-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

மூன்று எழுத்துச் சொற்கள்

அந்த நேரத்தில் உலக விஞ்ஞானிகளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். ஜீனில் இருப்பது நான்கு எழுத்து. புரதத்தில் இருப்பது இருபது வகை அமினோ அமிலம். எது எதைக் குறிக்கிறது? 1961-ல் மார்ஷல் நிரன்பர்க் முதல் முடிச்சை அவிழ்த்தார். மற்ற முடிச்சுகளை அவிழ்க்க, வரிசை துல்லியமாகத் தெரிந்த சங்கிலிகள் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கை, குரானாவின் கை!

ஆர்.என்.ஏ.வில் யு, சி என்ற இரண்டு எழுத்தை மாற்றி மாற்றிக் கோர்த்தார். யுசியுசியுசி என்று நீண்ட சங்கிலி. மூன்று மூன்றாகப் படித்தால் யுசியு, சியுசி, யுசியு, சியுசி என்றுதானே வரும்? கிடைத்த புரதத்திலும் செரின், லூசின், செரின், லூசின் என்று மாறி மாறியே வந்தது. மூன்று எழுத்து ஒரு சொல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அந்த 64-ஐயும் செய்து சோதித்தார்கள். 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிப்பவை, மூன்று முற்றுப்புள்ளிகள் என்று தெளிவானது.

1968-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு நிரன்பர்க், ராபர்ட் ஹாலி, குரானா மூவருக்கும் கிடைத்தது. 1966-லேயே அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். 1949-ல் வேலை கொடுக்காத நம் நாடு 1969-ல் பத்ம விபூஷண் கொடுத்தது.

செய்தது வேறு, ஓடியது வேறு

இப்போது என்னைத் தூங்கவிடாத கதைக்கு வருகிறேன்.

1970-ல் குரானாவின் குழு, ஈஸ்ட்டில் உள்ள ஒரு சின்ன ஜீனை முழுக்க முழுக்கச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட்டதாக அறிவித்தது. 77 எழுத்து ஜோடிகள். சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, செங்கல் கட்டுகிற மாதிரி மேல் வரிசை மூட்டு கீழ் வரிசையின் நடுவில் விழும்படி அடுக்கி, லிகேஸ் என்ற என்சைமால் மூட்டினார்கள். உலகத்திலேயே மனிதன் செய்த முதல் ஜீன். பேப்பரில் எல்லாம் கொட்டை எழுத்தில் வந்தது.

வேறொருவராக இருந்தால் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஜீனில் ஒரு குறை இருந்தது. உயிருள்ள செல்லுக்குள் அது வேலை செய்கிறது என்று காட்ட வழியில்லை. சி.என்.சி. படித்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். புரோகிராமின் நடுப்பகுதி எல்லாம் சரி. ஆனால் எங்கே தொடங்குவது என்ற வரியும் இல்லை, கடைசியில் எம் 30-ம் இல்லை. மிஷின் எப்படி ஓடும்?

அதே 1970-ல் எம்.ஐ.டி.க்குப் போன குரானா, இன்னொரு ஜீனை எடுத்துக்கொண்டார். இது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைச் சேர்ந்தது. இதன் வேலை விசித்திரமானது. ஜீனின் நடுவில் தப்பாக ஒரு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால், அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் படிக்கச் செய்யும். இந்த ஜீனைச் செய்தார்கள். அதன் முன்னால், இங்கே தொடங்கு என்று சொல்லும் புரமோட்டர் என்ற பகுதியைச் செய்து பொருத்தினார்கள். பின்னாலும் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். மொத்தம் இருநூற்றுச் சொச்சம் எழுத்து ஜோடிகள்.

பிறகுதான் உண்மையான வைவா! பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று. அதன் ஜீன்களில் தப்பான முற்றுப்புள்ளி விழுந்திருப்பதால் சாதாரண ஈ.கோலையில் அது பெருகாது. குரானா செய்த ஜீன் உள்ளே போய் வேலை செய்தால்தான் பெருகும். பெருகியது! 1976-ல் அறிவித்தார்கள். மனிதன் கையால் செய்த ஜீன் உயிருள்ள செல்லில் முதல்முறையாக ஓடியது.

பொருளைச் செய்துவிட்டோம் என்று ஊர் பாராட்டிய பிறகும், அதை ஓட வைக்க இன்னும் ஆறு வருஷம் உழைத்திருக்கிறார் மனுஷன். நானோ கடலை மாவானதும் மிஷினை மூலையில் தள்ளிவிட்டு வந்தவன்.

உப்பளமும் கண்ணும்

இதற்கிடையில் அவர் மனம் வேறு பக்கம் போனது. தூத்துக்குடி உப்பளங்களில் கோடையில் சில பாத்திகள் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடும் உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. அந்த வகையைச் சேர்ந்த ஒன்றின் மேல்தோலில் பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதாநிறப் புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது பம்ப் மாதிரி வேலை செய்கிறது. நம் கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கிற ரோடாப்சினும் அமைப்பில் அதைப் போன்றதே. 1980-களில் இந்த இரண்டுக்குமே குரானாவின் குழு செயற்கை ஜீன்களைச் செய்தது. அதில் ஒரு நுட்பம்: எந்தத் துண்டையும் தனியாகக் கழற்றி வேறு துண்டு மாட்டும்படி, நெடுக வெட்டும் இடங்களை வைத்தே எழுதினார்கள். பாகத்தை மாற்று, ஓட்டிப் பார், புரதத்தில் என்ன மாறுகிறது என்று கவனி. பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் ஒரு பரம்பரைக் கண்நோயில் ரோடாப்சின் எப்படிக் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவியது.

2007 வரை எம்.ஐ.டி.யில் பணியாற்றினார். 2011 நவம்பர் 9 அன்று, 89-வது வயதில், அமெரிக்காவின் கான்கார்டு நகரில் காலமானார். மேடையும் விளம்பரமும் கடைசி வரை அவருக்கு ஒத்துவரவில்லை.

நட்டும் போல்ட்டும் போல...

அவர் போட்ட பாதை இன்று எங்கே போய் நிற்கிறது தெரியுமா? அவரிடம் பயிற்சி பெற்ற மார்வின் கேருதர்ஸ் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறையால் இன்று மிஷினே எழுத்துகளைக் கோர்த்துத் தருகிறது. 2003-ல் அதே எம்.ஐ.டி.யில் டாம் நைட் என்ற கம்ப்யூட்டர் எஞ்சினியர், ஜீன் பாகங்களுக்கும் நட்டு போல்ட்டு மாதிரி ஒரே அளவு முனை வைக்கலாம் என்றார். 1841-ல் விட்வொர்த் திருகு மரைக்கு அளவு வகுத்தாரே, அந்த யோசனைதான்! அந்தப் பாகங்களை வைத்து மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உலகப் போட்டியே நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

அதில் ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். பாக்டீரியா செய்கிற புரதம் சாதாரணமாக உள்ளேயே கிடக்கும். அதை வெளித்தோலின் மேல் கொடி மாதிரி நட்டு வைக்க முடியுமா? முடியும். முன்னால், வெளியே போ என்று விலாசம் சொல்லும் பாகம். நடுவில், தோலில் ஊன்றி நிற்கும் நங்கூரப் பாகம். கடைசியில் நமக்கு வேண்டிய புரதம். மூன்றையும் ஒரே ஜீனாகக் கோர்க்க வேண்டும். 1992-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் இரண்டிலிருந்து முதல் இரண்டு பாகங்களை எடுத்து, ஒரு என்சைமை வெளியே நிறுத்திக் காட்டினார்கள். தண்ணீரில் கலந்த கன உலோகத்தைப் பிடிக்க, தடுப்பூசி செய்ய, ஆயிரக்கணக்கான புரதங்களில் நல்லதைப் பொறுக்க என்று இதற்குப் பல உபயோகம். இதிலும் பாகங்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நங்கூரம் பெரிதானால் செல் திணறும், பாரம் அதிகமானால் புரதம் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். மறுபடி மறுபடி மாற்றி ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

முடிவாக...

வைவா முடிந்து இரண்டு வாரம் கழித்து நாங்கள் ஐந்து பேரும் மிஷினை மூலையிலிருந்து இழுத்தோம். டிரம்முக்கும் சல்லடைக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. எங்கள் கரிசல்காட்டுக் கடலையின் பருமனை ஒருவரும் அளந்தே பார்க்கவில்லை. டிராயிங்கை நம்பினோம், கடலையைக் கேட்கவில்லை! புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தோம். இடைவெளியைக் கூட்டினோம். இப்போது பாதிக்கு மேல் முழுப்பருப்பாக வருகிறது. மீதியையும் கொண்டுவராமல் விடுவதாக இல்லை. மார்க் எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. இனி இது மார்க்குக்காக இல்லை.

இன்னொன்று. போன மாதம் வேறொரு கம்பெனி இன்டர்வியூ. கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். தப்பும் தவறுமாகத்தான் பேசினேன். நடுவில் தமிழும் கலந்துவிட்டது. எங்கள் மிஷினில் கடலை ஏன் மாவானது என்பதை மட்டும் பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். முடிவு இன்னும் வரவில்லை.

நண்பர்களே! குரானாவுக்குக் கூச்சம் போகவில்லை. ஊரில் வேலை கிடைக்கவில்லை. பிறந்த ஊரே நாடு மாறிப்போனது. ஆனாலும் எழுத்துக்குமேல் எழுத்தாக, அது ஓடுகிற வரைக்கும் கோர்த்துக்கொண்டே இருந்தார். நாம் படிக்கிற படிப்பும் பொருளை ஓட வைக்கிற படிப்புதான். கட்டி முடித்ததோடு கையைத் தட்டிவிட்டுப் போகாமல், ஓடுகிற வரைக்கும் கூட நிற்போம்.



- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்